1,200 கிலோ கேம்பிங் ட்ரெய்லர்: வெசெல் காணுமா, பெரிய ஜீப் வேணுமா?

கேள்வி – வெள்ளவத்தை
வணக்கம். ஒற்றை அச்சுக் கேம்பிங் ட்ரெய்லர் ஒன்று விலை பேசியிருக்கிறோம். வெறும் எடை 820 கிலோ, தகட்டில் உச்ச எடை 1,200. 50 மி.மீ. டோ போல் (ட்ரெய்லரைக் கொளுவும் உருண்டை), ஓவர்ரன் பிரேக் (ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிப்பது). வீட்டில் நிற்பது முதல் தலைமுறை ஹொண்டா வெசெல் ஹைபிரிட். அது காணுமா? காணாது என்றால் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட், மொன்டெரோ 3.2 டீசல், பிராடோ இதில் எதைப் பார்க்கலாம்? நாலு பேர் போவோம். பாசிக்குடா, அறுகம்பே, இடைக்கிடை றம்பொடை வழியாக நுவரெலியா.

பதில் – தெஹிவளை, கியர் வேலை
வெசெலை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் ஓடாத உலர் கிளட்ச். ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசும். சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. ட்ரெய்லர் இல்லாமலே சரிவில் சூட்டு எச்சரிக்கை வரக்கூடிய அமைப்பு அது.

இறக்கம் அதைவிட மோசம். ஜீப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9.5 கிலோவாட் மணி சக்தியை எங்காவது கரைக்க வேண்டும். வெசெலின் கூட்டு எடை குறைவுதான், ஆனால் அதன் பற்றரி ஒரு கிலோவாட் மணிகூட இல்லை. முதல் சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். மிச்சம் முழுக்க எஞ்சினும் பிரேக்கும்தான். சின்ன பற்றரி உள்ள எந்த ஹைபிரிட்டுக்கும், எக்ஸ்-ட்ரெயில் உட்பட, இதே கணக்கு.

பதில் – கொட்டாஞ்சேனை
எல்லாரும் "எத்தனை தொன் இழுக்கும்" என்றுதான் கேட்கிறார்கள். முதலில் முட்டுவது அது இல்லை. ஜீப்பின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் முதலில் முட்டும்.

ட்ரெய்லர் மூக்கின் எடையும், அதாவது அதன் முன் முனை டோ போலை அமுக்கும் பாரமும், ஜீப்பின் சுமைதான். 1,200 கிலோ ட்ரெய்லரில் 100 முதல் 120 கிலோ மூக்கில் இருந்தால் நேராக ஓடும். ஒரு நடுத்தர ஜீப்பின் வெறும் எடை 1,620, உச்ச எடை 2,100 என்று எடுப்போம். மிச்சம் 480. நாலு பேர் 280, டோ பார் 25, சாமான் 60, மூக்கு 110. கூட்டினால் 475. ஒரு தண்ணீர்க் கேன் கூடினாலும் எல்லை தாண்டிவிடும்.

இன்னொன்று, ஜப்பான் உள்நாட்டு வாகனம் வாங்கினால் ஏற்றுமதிச் சான்றிதழில் இருக்கும் மொத்த எடையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். வெறும் எடையோடு ஆளுக்கு 55 கிலோ வீதம் ஆசனங்களைக் கூட்டி வந்த எண் அது. அச்சு எவ்வளவு தாங்கும் என்று அது சொல்லாது. அதே சேஸி, அதே எஞ்சின், அதே கியர் உள்ள வெளிநாட்டு மாடலின் கையேட்டில் மூன்று எண்ணைத் தேடுங்கள்: உச்ச எடை, பிரேக் உள்ள ட்ரெய்லர் எல்லை, மூக்கு எடை எல்லை. அந்த மாடலுக்குத் தனி கியர் ஒயில் கூலர் போட்டிருந்தால் உங்களுடையதிலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. பிராடோ விலை கட்டாது. மொன்டெரோ போதுமா? பார்க்கும்போது எதைக் கவனிக்க வேணும்?

பதில் – தெஹிவளை, கியர் வேலை
தாராளமாகப் போதும். 3.2 டீசலுக்கு பஜேரோ என்ற பெயரில் அவுஸ்திரேலியாவில் கொடுத்த எல்லை 3,000 கிலோ. மூக்கு எடை 2,500 கிலோ ட்ரெய்லர் வரை 250, அதற்கு மேல் 180. உங்களுடைய 1,200 அந்த 3,000க்குப் பாதிகூட இல்லை.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முன்பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்டால் டைமிங் செயின் வேலை காத்திருக்கிறது. கியர் ஒயில் கறுத்துக் கருகல் மணம் அடித்தால் வேறு வாகனம் பாருங்கள். பின் பம்பருக்கு அடியில் சேஸித் தண்டவாளம் துருப்பிடித்துச் செதில் உரிகிறதா என்று சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டோ பார் அந்தச் சேஸியில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பர் இரும்பில் வெல்ட் பண்ணித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

போல் அளவையும் அளந்து பாருங்கள். 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. 50 மி.மீ. கப்ளிங்கை (போலைக் கவ்வும் ட்ரெய்லர் பக்கப் பிடியை) அதில் அடித்து ஏற்றினால் பூட்டு முழுக்க விழாது, மேடு பள்ளத்தில் கழன்றுவிடும்.

பதில் – மட்டக்குளி
மூக்கு எடை அளக்க வீட்டுத் தராசு போதும், 150 கிலோ காட்டுவதாக இருந்தால் சரி. சமதரையில் சில்லுக்குக் கட்டை வைத்து, போல் உயரத்துக்கு வெட்டிய மரத்தூணைத் தராசில் நிறுத்தி, கப்ளிங்கை அதன் மேல் இறக்குங்கள். தண்ணீர், காஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். 60, 70 என்று காட்டினால் பின்பக்கம் பாரம் கூடிவிட்டது. அப்படியே கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறினால் ட்ரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து அக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள். பிரேக்கை அமுக்கினாலும், எதிர்ப்பக்கம் வெட்டினாலும் ஆட்டம் கூடும்.

றம்பொடை இறக்கத்தில் ஓவர்ரன் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. ஜீப்பை ட்ரெய்லர் தள்ளும் வரைக்கும் ட்ரம் உரசிக்கொண்டே இருக்கும். உச்சியிலேயே குறைந்த கியருக்கு வாருங்கள். நடுவில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, இரண்டு ட்ரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கக் கேபிள் இறுகியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்
ட்ரெய்லரை நண்பரின் ஜீப்பில் மாட்டிப் பார்த்தோம். வலது சிக்னல் போட்டால் பின் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது. வயரிங் முழுக்க மாற்ற வேணுமா?

பதில் – கொட்டாஞ்சேனை
தேவையில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு எர்த் கோளாறுதான். 7 பின் பிளக்கில் 3ஆம் பின், வெள்ளை வயர். அது பிடிக்காவிட்டால் கரண்ட் மற்ற பல்புகள் வழியாகத் திரும்பப் பார்க்கும், அதுதான் எல்லாம் சேர்ந்து மின்னுகிறது. ஜீப் சேஸியிலிருந்து ட்ரெய்லர் சேஸிக்குத் தனி வயர் ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் 3ஆம் பின்னின் பச்சைக் களிம்பைச் சுரண்டி, ட்ரெய்லர் பக்க எர்த் போல்ட்டின் பெயின்ட்டை உரசி இறுக்குங்கள். கடற்கரை ஊர்களுக்குப் போகும் ட்ரெய்லர் என்பதால் மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். பிறகு 4 பச்சை வலது சிக்னல், 1 மஞ்சள் இடது, 6 சிவப்பு பிரேக் என்று ஒவ்வொன்றாக ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

காசு கொடுக்க முன்னம் ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கிறதா, உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகை இந்த எடையை இழுக்க விடுகிறதா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.