ரீஃப்ளோ: 'மறுபாய்வு' வேண்டாம், 'உருகுபற்று' என்போமா?

வணக்கம்.

மின்சுற்றுப் பலகையில் உலோகப் பொடி கலந்த பசையைத் தடவி, அதைச் சூட்டில் உருக்கி உறுப்புகளை ஒட்டவைப்பதுதான் ரீஃப்ளோ. நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு மறுபாய்வு, மீள்பாய்வு என்று வந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒட்டவில்லை. மீள்பாய்வு என்றதும் குழாயில் தண்ணீர் திரும்பி வருவதுதான் நினைவுக்கு வருகிறது. வீட்டில் எஸ்எம்டி பலகை (உறுப்புகளைத் துளையில் செருகாமல் பரப்பின் மேலேயே ஒட்டும் பலகை) செய்கிறவர் பார்ப்பது வேறு. செப்புத் திட்டுகளில் சாம்பல் நிறப் பசையைத் தடவி, 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் உள்ள 0603 அளவு மின்தடையை இடுக்கியால் எடுத்து வைத்து, பலகையைச் சூட்டுத் தட்டின் மேல் வைக்கிறோம். முதலில் பசையில் கலந்திருக்கும் பிளக்ஸ் என்ற துப்புரவுப் பொருள் இளகும், லேசாகப் புகையும். 63/37 வெள்ளீய-காரீயக் கலவை என்றால் 183 பாகை செல்சியஸைத் தொட்டதும் மங்கிக் கிடந்த பசை சட்டென்று மின்னும், கொஞ்சம் கோணலாக வைத்த உறுப்புகூடத் தானே திரும்பி நேராக உட்காரும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. எவ்வளவு தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

ஆக, நடப்பது உருகுவதும் பற்றுவதும்தான். அதனால் 'உருகுபற்று' என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, சொன்னவுடன் விளங்கும். உருகுபற்று அடுப்பு, உருகுபற்று வெப்பநிலை என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை. 'மறு' என்பதை விட்டுவிட்டோமே என்று கேட்கலாம். ஏற்கெனவே இறுகிய இணைப்பைச் சூட்டுக்கோலால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்வதையும் ஆங்கிலத்தில் அதே பெயரால்தான் சொல்கிறார்கள். அதற்கு 'மீளுருக்கு' என்று தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

அப்புறம், சால்டருக்கு, அதாவது உறுப்புகளை இணைக்க நாம் உருக்கும் உலோகக் கலவைக்கு, 'ஈயப்பற்று' போதும் என்று இங்கே வந்த கருத்து. பேச்சில் இருக்கிற சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் லெட் ஃப்ரீ (காரீயம் சேராத) வகையை 'ஈயமில்லா ஈயப்பற்று' என்றா எழுதுவது? தமிழில் ஈயம் என்பது வெள்ளீயம், காரீயம் இரண்டுக்கும் பொது. அந்த வகையைச் சேர்ந்த எஸ்ஏசி305 கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு. ஈயமில்லாதது என்று அதை எப்படிச் சொல்வது? 'காரீயமில்லா' என்பதே சரி, அதில் தளரக் கூடாது. அது 217 பாகைக்கு மேல்தான் உருகும், உடலுக்கான எச்சரிக்கையும் வேறு, ஆகவே சொல் பிசகினால் வேலையும் பிசகும்.

சால்டரிங்கைப் பற்றவைப்பு என்றால் வெல்டிங்கோடு கலந்துவிடுகிறது. இதற்கெல்லாம் நம்மிடம் 'பற்றாசு' என்ற பழைய சொல் இருக்கிறதே! பொன் வேலையில் இரண்டு துண்டுகளை இணைக்க இடையில் வைத்து உருக்குவது. ஆசிடை நேரிசை வெண்பாவில் முதல் குறளின் (முதல் இரண்டடிப் பகுதியின்) கடைசிச் சீரையும் தனிச்சொல்லையும் இணைக்க ஓரசையோ ஈரசையோ சேர்ப்போமே, அந்த 'ஆசு'தான் இதிலும் இருக்கிறது. இலக்கணமும் பட்டறையும் சேர்ந்து காப்பாற்றி வைத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. பற்றாசுக் கம்பி, பற்றாசுப் பசை, எல்லாம் கச்சிதமாக வருகிறது.

உறுப்பு ஒரு முனையில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பழுதுக்குக் 'கல்லறைக்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நடுகல்' போதுமே. ஒரு திட்டு பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருந்தால் அது வெப்பத்தை உறிஞ்சிவிடும், மறுமுனைப் பசை முந்தி உருகி உறுப்பைத் தன் பக்கம் இழுத்து நிமிர்த்திவிடும். 0603-ஐவிடச் சிறிய 0402 அளவில் இது அடிக்கடி வரும். "மூன்றாவது மின்தேக்கி நடுகல்லாகிவிட்டது" என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

பிளக்ஸுக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. பள்ளி வேதியியலில் 'இளக்கி' உண்டு, ஆனால் அது உலையில் மாசோடு சேர்ந்து கசடாவது. இங்கே அதன் வேலை செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, சூட்டில் மறுபடி படியாமல் காப்பது. அந்த வேலையைச் சொல்கிற சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை பட்டியலில் 'பிளக்ஸ்' என்றே இருக்கட்டும்.