எபிமெராவுக்குத் தமிழில் 'அற்றைத்தாள்' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

குன்னூரில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, தேயிலைத் தோட்டப் பெண்களின் வரலாற்றுக்காகப் பொருட்களைத் திரட்டி வருகிறோம். சென்ற வாரம் ஒரு பாட்டியின் சுருக்குப்பை வந்தது. வெற்றிலைக் கறை ஏறி, வாய்க்கயிறு நைந்துபோன பை. உள்ளே நான்கு எடைச்சீட்டுகள், ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, சினிமா டிக்கெட்டின் பாதி, மடித்த மடிப்பிலேயே கிழியக் காத்திருக்கும் சங்கக் கூட்ட நோட்டீஸ். பையைப் பதிவேட்டில் 'அன்றாடப் பொருள்' என்று எழுதிவிட்டேன். உள்ளிருந்தவற்றுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது.

இப்படி ஒரு வேளைப் பயனுக்காக எழுதி, அது முடிந்ததும் தூக்கி எறியும் தாள்களை ஆங்கிலத்தில் எபிமெரா என்பார்கள். கிரேக்க மூலத்தில் ஒரே நாள் இருப்பது என்று பொருள். இதையும் 'அன்றாட ஆவணம்' என்றே சொல்லலாம் என்கிறார் மதுரை ஐயா. எனக்கு ஒப்பவில்லை. அன்றாடம் என்றால் நாள்தோறும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கும் கொழுந்துக்கூடையும் நாள்தோறும் உடம்போடு இருந்தவை. எடைச்சீட்டு அந்த ஒரு நாள் கொழுந்துக்கு மட்டுமே. கணக்கு ஏறியபின் அதற்கு வேலை இல்லை.

'உதிரி ஆவணம்' என்றால் கட்டிலிருந்து கழன்ற தாள் என்று காப்பகத்தார் எடுத்துக்கொள்வார்கள். 'சில்லறை ஆவணம்' வேண்டவே வேண்டாம். சில்லறை என்று நினைத்துத்தான் இத்தனை காலம் அடுப்பில் போட்டோம். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன் 1913-இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரை மோதி இறந்தார். சாகவேண்டும் என்றே போனாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அவரிடம் இருந்த ரயில் டிக்கெட்டை. ஊர் திரும்புவதற்கான பாதி அது! இப்போது லண்டன் பெண்கள் நூலகத்தில் இருக்கிறது.

'துண்டுத்தாள்' காதுக்கு இதமானதுதான். ஆனால் இங்கே பல குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவை. அங்கே 'துண்டு' என்பது, கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பேன் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு. 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தச் சொல்லைப் பாட்டியின் பெட்டிமேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

அற்றை என்றால் அந்த நாள். அற்றைக்கூலி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. கூலிக்கு அற்றை என்றால் கூலிக்கணக்குச் சீட்டுக்கும் அற்றை பொருந்தாதா? 'அற்றைத்தாள்' என்று முன்மொழிகிறேன்.

•

அக்கா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் வேகமாகப் படித்தால் 'அற்ற தாள்' என்றே கண்ணில் படுகிறது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அற்ற தாள்? எழுத்து அற்ற தாளா?" என்று கேட்டாள். இன்னொன்று: சங்கத்தின் துணி பேட்ஜ் வந்தால் எங்கே வைப்பீர்கள்? 'அற்றைப்பொருள்' என்று நீட்டினால் பொருளற்றது என்றே காதில் விழும்.

•

தம்பி, உங்கள் வீட்டில் கேட்டது பலித்துவிட்டது. பையிலிருந்த எடைச்சீட்டுகளில் இரண்டு அண்மைக் காலத்தவை, வெப்பத்தாளில் அச்சானவை. சூடும் வெளிச்சமும் பட்டால் எழுத்து வெளிறிவிடும். ஒன்றில் எடை மட்டும் மங்கலாகத் தெரிகிறது, மற்றது வெறும் தாள். தெரிகிறதை நேற்றே நகல் எடுத்துவிட்டோம்.

அற்றைப்பொருளை நானும் கைவிடுகிறேன். பேட்ஜை ஒரு கூட்டத்தோடு கழற்றி எறிவதில்லை, அது அன்றாடப் பொருளோடு போகட்டும். தாளுக்கு மட்டும் இந்தச் சொல் இருக்கட்டும். பெட்டியில் 'அற்றைத்தாள்' என்று எழுதிவிட்டேன். காப்பகத்தில் மை ஆகாது, எல்லாம் பென்சில்தான். இதைவிட நல்ல சொல் வந்தால் ரப்பர் கைவசம் இருக்கிறது.