காலத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி

அறிவியல் படித்துக்கொண்டிருந்த வயதில் மெய்ப்பொருள் தேடலுக்குத் திரும்பியவர்கள் அது எப்படி நடந்தது என்று எழுதுங்கள். குரு யாரும் இல்லாமல் தாமாகவே படித்துத் தேடியவர்கள் அவசியம் எழுதுங்கள்.

மதுரைக்காரன்:

பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. ரஷ்யச் சிந்தனையாளர் உஸ்பென்ஸ்கி எழுதிய 'டெர்ஷியம் ஆர்கானம்'. கடைக்காரர் அதை டாக்டருக்குப் படிக்கிறவர்களின் புத்தகம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டார். பேரம் பேசி வாங்கினேன்.

உஸ்பென்ஸ்கி 1878இல் மாஸ்கோவில் பிறந்தவர். பள்ளியில் லத்தீன் இலக்கணம் படிக்க வேண்டிய நேரத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய இயற்பியல் புத்தகத்தை ஒளித்துவைத்து நெம்புகோல் பாடத்தைப் படித்தவர். சில வருடங்களில் கல்விக்கூட அறிவியலே அவருக்குக் கசந்துவிட்டது. இனிமேல் தேர்வு எழுதுவதில்லை, பட்டம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். ஆனால் படிப்பை விடவில்லை. உயிரியல், கணிதம், உளவியல் எல்லாவற்றையும் தானாகவே படித்தார். 1907 வாக்கில் மாஸ்கோவில் ஒரு செய்தித்தாளில் வேலை. ஹேக் நகர அமைதி மாநாட்டைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டும். ஆனால் மேசை டிராயர் நிறைய மறைஞானப் புத்தகங்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் ஒளித்துப் படித்தது இயற்பியல், ஆபீசில் ஒளித்துப் படித்தது ஆன்மிகம். எது பாடமோ அதை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கிற ஜாதி. நானும் அதே ஜாதிதான்.

அவரைப் பிடித்து ஆட்டியது நான்காம் பரிமாணம், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அப்பால் இன்னொரு திசை. ஆங்கிலக் கணிதக்காரர் ஹின்டன் தொடங்கிவைத்த வழி அது. தாளைப் போலத் தட்டையான ஓர் உலகத்தையும், அதிலேயே வாழ்கிற தட்டையான உயிர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஐந்து விரல் நுனிகளை அந்தத் தாளில் வைத்தால் அவற்றுக்கு ஐந்து தனித்தனி வட்டங்கள்தான் தெரியும். ஒரே கை என்று தெரியாது. பல நிறக் கனசதுரம் ஒன்று அந்தத் தாளை ஊடுருவிப் போனால், கோடுகளின் நிறம் காலப்போக்கில் மாறுவதாகத் தோன்றும். அப்படியானால் நாம் காலம் என்று சொல்வதே நமக்குத் தெரியாத இன்னொரு திசையோ? நாம் தனித்தனி ஆட்கள் என்பதும் விரல் நுனிக் கணக்குதானோ? பத்தொன்பது வயதில் இதைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் போய் வெர்னியர் கருவியில் நீளம் அளந்துகொண்டிருக்க முடியுமா?

எங்கள் பேராசிரியரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டுக் கூப்பிட்டார். கரும்பலகையில் ஐன்ஸ்டைனின் சார்பியலிலிருந்து, இரண்டு நிகழ்வுகளுக்கு இடையிலான இடைவெளியைச் சொல்லும் சமன்பாட்டை எழுதினார். நீளம், அகலம், உயரம் மூன்றின் வர்க்கமும் கூட்டலில் வருகிறது. காலத்தின் வர்க்கம் கழித்தலில் வருகிறது. "தம்பி, உன் ரஷ்யக்காரர் புத்தகத்தில் இந்த மைனஸ் குறி எங்கே இருக்கிறது? இது இருக்கிற வரைக்கும் காலம் இன்னொரு திசை மட்டும் இல்லை" என்றார்.

காலத்தையும் வெளியையும் ஒன்றாக்கிய கணிதக்காரர் மின்கோவ்ஸ்கி இதைச் சொன்னது 1908இல். உஸ்பென்ஸ்கியின் புத்தகம் 1912இல். பட்டம் வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "அந்த மைனஸ் எங்கே?" என்று கேட்க அவருக்கு ஆள் இல்லாமல் போயிற்று. தானாகக் கற்கிறவர்களின் உண்மையான கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். இயற்பியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கும். மெய்ப்பொருளுக்கு அப்படி ஒன்று கிடையாது.

சரி, புத்தகம் சொன்னதில் பாதி உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதி உதிரவில்லை. பிறகு வகுப்பில் சார் இன்னொன்றும் சொன்னார். சார்பியலில் நோக்குபவர் என்று வருகிற இடத்தில் மனிதர் தேவையில்லை, ஒரு கடிகாரமும் ஓர் அளவுகோலும் போதும். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனார்கள். எனக்கு அங்கேதான் நின்றுவிட்டது. கடிகாரம் காட்டும், ஆனால் அதற்குத் தெரியுமா? தெரிகிறது என்கிற இந்தச் சங்கதி எந்தச் சமன்பாட்டிலும் வரவில்லையே? இயற்பியலைக் குறை சொல்லவில்லை. அது அந்தக் கேள்வியைக் கேட்பதாகச் சொல்லவே இல்லை.

அப்புறம் ஷ்ரோடிங்கர், குவாண்டம் இயற்பியலின் அலைச் சமன்பாட்டைத் தந்தவர். வேதாந்தத்தைக் குவாண்டம் நிரூபித்துவிட்டது என்கிறவர்கள் முதலில் சாட்சிக்குக் கூப்பிடுவது அவரைத்தான். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. எல்லா உணர்வும் ஒன்றே என்ற தன் கட்டுரையை அவர் எழுதியது 1925 இலையுதிர் காலத்தில். அலைச் சமன்பாடு வெளிவந்தது 1926இல். அதாவது உபநிடத ஈடுபாடு முந்தியது, சமன்பாடு பிந்தியது. பிற்காலத்தில் அந்தக் கட்டுரையைப் புத்தகமாக்கியபோது, அலை இயக்கவியலுக்கும் தத்துவ நோக்குக்கும் மற்றவர்கள் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். இரண்டையும் ஆழமாக நேசித்த ஒருவர் ஒன்றுக்கு மற்றதை முட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். அதைப் படித்த பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. ஒன்றை நம்புவதற்கு மற்றதை வளைக்க வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த வருடம் திருவண்ணாமலை போனேன். ரமணர் முன்பு வாழ்ந்த விருபாட்சி குகையில் உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது ரமணர் கூட இல்லை, சிவப்பிரகாசம் பிள்ளை. வருவாய்த் துறை உத்தியோகஸ்தர், தத்துவம் படித்த பட்டதாரி. 1901, 1902 வாக்கில் மலைக்கு வந்து "நான் யார்?" என்று தொடங்கிக் கேள்விகளை அடுக்கினார். ரமணர் பேசாமல் எழுதிக் காட்டினார். மதுரையில் மாமா... இல்லை, சித்தப்பா வீட்டில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையனாக 1896இல் கிளம்பி வந்தவர் அவர். அவரும் யாரிடமும் பாடம் கேட்டவர் அல்ல. எனக்கு அந்தக் கேள்வி பதிலில் பிடித்தது, அங்கே அணு, அலை, பரிமாணம் எதையும் துணைக்கு அழைக்கவில்லை என்பதுதான். கடிகாரத்திடம் கேட்க முடியாத கேள்வி நேராக அங்கே இருந்தது.

வேதியியல் அக்கா:

தம்பி, என் கதை நேர் எதிர். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும்போது அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்குப் போவேன். முதலில் ஆலமரத்தைப் பார்க்கத்தான். பிறகு அந்தச் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய ரசாயனப் புத்தகத்தைப் பார்த்தேன். 1908இல் வந்தது. ஞானதிருஷ்டியால் தனிமங்களின் உள்ளே பார்த்தோம், ஹைட்ரஜனுக்குள் 18 நுண்ணணுக்கள் இருக்கின்றன என்று படம் போட்டிருக்கிறார்கள். படங்கள் அழகோ அழகு. ஆனால் ஹைட்ரஜனில் இருப்பது ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். நான் மெய்ப்பொருள் பக்கம் திரும்பாமல் போனதற்கு அந்தப் படங்களே காரணம். உங்கள் சாரைப் போல ஒருவர் இருந்திருந்தால், படத்தைத் தள்ளிவிட்டு மீதியைப் பார் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

உங்கள் உஸ்பென்ஸ்கியும் முதல் உலகப் போருக்குச் சற்று முன் அடையாறுக்கு வந்து போனவர்தானே?

மதுரைக்காரன்:

ஆமாம் அக்கா. எகிப்து, இலங்கை, இந்தியா என்று சுற்றினார். போர் மூண்டபோது கொழும்பில் இருந்தார். தேடி வந்த குரு இங்கே அமையாமல் இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பினார். 1915இல் மாஸ்கோவிலேயே குர்ஜீப் என்ற ஆன்மிக ஆசானைச் சந்தித்தார். நான்காம் பரிமாணத்தைத் தானாகவே படித்துக்கொண்டவர், அதன் பிறகு பல வருடம் இன்னொருவரிடம் மாணவராக இருந்தார்.

ஓய்வு வாத்தியார்:

எல்லாம் சரி. வெர்னியர் எடுக்கப் போகாதவர் செய்முறைத் தேர்வில் பாஸா?

மதுரைக்காரன்:

செய்முறை பாஸ் ஐயா. ஒளியியல் தாள்தான் அரியர். கட்டணம் கட்டி மறுபடி எழுதினேன். அந்த முறை சாரே வீட்டுக்கு வரச்சொல்லிக் குறுக்கீட்டு விளைவை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்.