டொமைன் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாலே பறிபோகுமா?

பனிமூட்டம்_அப்புத்தளை

அப்புத்தளையில ரயில் பாதைக்கு மேல இருக்கு எங்க வீடு. லிப்டன் சீட் பார்க்க வர்றவங்களுக்கு ரெண்டு அறையை வாடகைக்கு விடுறோம். சொந்தமா இணையத்தளம் போடலாம்னு, டொமைன், அதாவது இணையத்தள முகவரிப் பேர், விற்கிற ஒரு தளத்துல வீட்டுப் பேரைத் தட்டிப் பார்த்தேன். டொட் கொம்ல அந்தப் பேரை இன்னும் யாரும் எடுக்கல, வாங்கலாம்னு காட்டுச்சு. டொலர்ல கட்டுற கார்ட் எங்க யார்கிட்டயும் இல்ல. கொழும்புல வேலை செய்ற தம்பி, சம்பளம் வந்ததும் வாங்கித் தர்றேன்னான். ஒன்பதாம் நாள் பார்த்தா யாரோ எடுத்துட்டாங்க. பக்கத்தைத் திறந்தா "இந்தப் பெயர் விற்பனைக்கு", விலை 1,900 டொலர்.

அந்தப் பேர்ல பாதி எங்க பாட்டியோட பேரு. உலகத்துல வேற யாருக்கும் அது தோணவே தோணாது. நான் தேடினதை யாரோ பார்த்திருக்காங்க. வாங்குற நேரம் வரைக்கும் பேரை எங்கேயும் தட்டாதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

பண்டாரவளை_வெப்

தங்கச்சி, பேர் போனதுக்கு வருத்தப்படுறேன். ஆனா காரணம் அதுன்னு என்னால ஏத்துக்க முடியல. பன்னிரண்டு வருஷமா தளம் செய்து கொடுக்கிறேன். தேடிட்டு மாசக்கணக்கில் வாங்காமல் விட்ட பெயர்கள் எத்தனையோ. தேடினதால ஒன்றுகூடப் போகல.

கணக்கைப் பாருங்க. டொட் கொம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் என்கிற கம்பனி கையில். விற்கிற கம்பனி ஒவ்வொரு பெயருக்கும், 2024 செப்டம்பர் விலைப்படி, வருஷத்துக்கு 10.26 டொலரை அவங்களுக்குக் கட்டணும். ஒரு நாளைக்கு உலகம் முழுக்கத் தேடப்படுற பெயர்களை எல்லாம் அந்த விலைக்கு வாங்கி வைக்கிறவன் ஒரே வாரத்துல கடை மூடணும்.

அட்டன்_கொமினிகேஷன்

நடக்காத விஷயம் மாதிரிப் பேசாதீங்க தம்பி. நடந்த விஷயம் இது, அதுவும் பெரிய கம்பனியில். 2008 ஜனவரியில், டொமைன் விற்கிற நெட்வேர்க் சொல்யூஷன்ஸ் தன் தளத்துல ஆட்கள் தேடின பெயரைத் தானே உடனே பதிஞ்சு, நாலு நாள் பிடிச்சு வச்சது தெரிய வந்துச்சு. அந்த நாலு நாளும் அந்தப் பெயரை வேற கடையில வாங்க முடியாது. அவங்ககிட்டயே, வெளியில பத்து டொலருக்குக் கிடைச்சதை சுமார் 35 டொலருக்கு வாங்கணும். கேட்டப்போ, திருடங்க முந்திக்காம வாடிக்கையாளரைக் காப்பாத்தத்தான் செய்தோம்னு விளக்கம் சொன்னாங்க. அடுத்த மாசமே கலிபோர்னியாவுல வழக்கு விழுந்துச்சு.

இதுக்கு ஃப்ரண்ட் ரன்னிங்னு பேர். பங்குச் சந்தையில தரகர், வாடிக்கையாளர் என்ன வாங்கப் போறார்னு தெரிஞ்சுக்கிட்டு, அதைத் தான் முந்தி வாங்கிறதுக்குச் சொல்ற பேர் அது. நம்ம தேடல் ஒருத்தர் கண்ணுல படுதுன்னா, அந்த ஆளை நம்பித்தான் நாம தேடுறோம்.

பண்டாரவளை_வெப்

ஐயா, 2008 கதை எனக்கும் தெரியும். அது ஏன் முடிஞ்சுது என்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். பதிஞ்ச பெயரை ஐந்து நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்தா முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்னு ஒரு விதி இருந்துச்சு. தட்டச்சுப் பிழையைத் திருத்திக்கொள்ள வச்ச சலுகை அது. இலட்சக்கணக்கில் பெயரைப் பதிஞ்சு, பார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு அதையே பயன்படுத்தினாங்க. 2008 நடுவில், அளவுக்கு மிஞ்சித் திருப்பிக் கொடுக்கிற ஒவ்வொரு பெயருக்கும் 20 சதம் (0.20 டொலர்) திரும்பாதுன்னு, டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கிற ஐகான் அமைப்பு சொன்னது. 2009 ஏப்ரலில் அதை 6.75 டொலர் ஆக்கினாங்க. 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையில் அந்த மாதிரித் திருப்பிக் கொடுக்கிறது 99.7 சதவீதம் குறைஞ்சுது. இலவசமாப் பிடிச்சு வைக்கிற வழி அதோட அடைபட்டுப் போச்சு.

ராகலை_டீச்சர்

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2007 ஒக்டோபரிலேயே ஐகானின் பாதுகாப்புக் குழு இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. 2009இல் ஐகான் செய்வித்த ஆய்வில், தேடிய பெயர்கள் பறிபோனதற்குச் சான்று கிடைக்கவில்லை.

என் சந்தேகம் வேறு. "எத்தனையோ பெயர் தேடினேன், ஒன்றும் போகவில்லை" என்று பண்டாரவளைத் தம்பி சொல்வது சான்றாகாது. ஒருவர் பணம் போடுமளவுக்கு அந்தப் பெயர்கள் கவர்ச்சியாக இருந்திருக்காது. "தேடினேன், போய்விட்டது" என்பதும் அப்படித்தான். தேடியும் போகாத பெயர்களை நாம் நினைவில் வைப்பதில்லை.

ஆகவே பனிமூட்டத்திடம் இரண்டு கேள்வி. அந்தப் பெயர் என்று, எந்தக் கம்பனி வழியாகப் பதியப்பட்டது? ஒரு பெயரை யார், எப்போது பதிந்தார் என்று பார்க்க முன்பு ஹூயிஸ் என்று தேடுவோமே, அதன் இடத்தில் 2025 ஜனவரி 28 முதல் ஆர்டேப் வந்திருக்கிறது. அதில் பதிந்த நேரம் விநாடி வரை இருக்கும். கிரீன்விச் நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது, அந்த ஒன்பது நாளில் பெயர் எத்தனை பேர் காதுக்குப் போனது?

பனிமூட்டம்_அப்புத்தளை

டீச்சர், பார்த்தேன். நான் தேடின ஏழாம் நாள், நம்ம நேரம் விடியப்புறம் 3.12க்குப் பதிஞ்சிருக்காங்க. நான் தேடின கம்பனி இல்ல, வேற கம்பனி.

ரெண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்றேன். குடும்ப வட்ஸ்அப் குழுவில நாலு பேரை எழுதி எது நல்லாருக்குன்னு கேட்டேன். 43 பேர் இருக்காங்க. போர்ட் அடிக்கிற கடைக்கும் மாதிரி போட அனுப்பினேன். முதல் நாள் விலை குறைவான இடம் தேடி அஞ்சு தளத்துல தட்டினேன். அப்புறம் தினம் காலையில பிரவுசர்ல பேரை அடிச்சு, இன்னும் சும்மாத்தான் இருக்கான்னு பார்ப்பேன்.

பண்டாரவளை_வெப்

இப்பதான் விஷயம் தெளியுது. 43 பேர், ஒரு போர்ட் கடை, அதோட ஏழு நாள். இவ்வளவு கண் பட்ட பெயரை, முதல் நாள் செய்த தேடல்தான் கொண்டுபோச்சுன்னு எப்படிச் சொல்றது?

அட்டன்_கொமினிகேஷன்

சொந்தக்காரங்க தலையில போடுறது சுலபம். அந்தப் பிள்ளை அஞ்சு தளத்துல தட்டியிருக்கு. அதுல ஒன்று ரெண்டு நல்லாத் தெரிஞ்ச கம்பனியா இருக்கும். மிச்சத்தை யார் நடத்துறான்னு உங்களுக்குத் தெரியுமா? தினம் காலையில அட்ரஸ் பாரில அடிச்சதும் அந்தப் பெயர் எங்க இருக்குன்னு கேட்டு, இன்டர்நெட் தர்ற கம்பனியோட டிஎன்எஸ் சேர்வருக்குப் (பெயருக்குரிய இணைய எண்ணைத் தேடித் தர்ற கணினி) போகுது. அப்படி ஒரு பெயர் இல்லைன்னு அது பதில் சொல்லும். இல்லாத பெயரை ஒருத்தர் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்னா, அதுவே ஒரு தகவல்தானே? அந்தக் கணக்கை யார் பார்க்கிறா, யாருக்கு விற்கிறான்னு நமக்குத் தெரியாது. நீங்க சொன்ன 10.26 டொலரும் இங்க எடுபடாது. எல்லாத்தையும் வாங்க வேண்டாம். ஏழு நாளா ஒருத்தர் விடாமக் கேட்கிற பெயரை மட்டும் வாங்கினாப் போதும்.

பண்டாரவளை_வெப்

இது நியாயமான வாதம் ஐயா. திரும்பத் திரும்பக் கேட்கிற பெயர் என்கிறதை நான் யோசிக்கல. 2007 அறிக்கையிலும் தகவல் கசியக்கூடிய வழிகளில் இந்த வழி இருக்கு. நடந்துச்சுன்னு இப்பவும் சொல்ல மாட்டேன், ஆனா நடக்கவே நடக்காதுன்னு முதல்ல எழுதினதை வாபஸ் வாங்கிறேன்.

என் மனசுல இருக்கிறதையும் சொல்லிடுறேன். தேடலைப் பற்றி இவ்வளவு பயப்படுற நாம, பெயரை யார் பேர்ல வாங்குறோம்னு பார்க்கிறதே இல்ல. தோட்டத்துப் பிள்ளைங்க நிறையப் பேருக்கு டொலர் கார்ட் கிடையாது. யாரோ ஒரு அண்ணன், யாரோ ஒரு சேர், அவரோட கார்ட், அவரோட ஈமெயில், அவரோட கணக்கு. தேயிலைப் பக்கெட் விற்கிற ஒரு குடும்பம் இரண்டு வருஷத்துக்கு முன்ன என்கிட்ட வந்தாங்க. தளம் செய்து கொடுத்தவர் பெயரைத் தன் கணக்கிலேயே பதிஞ்சுட்டு வெளிநாடு போயிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல் எல்லாம் அவர் பார்க்காத பெட்டிக்கு. தவணை போனதும், மீட்க வச்சிருக்கிற 30 நாளும் போச்சு. அப்புறம் ஐந்து நாள்ல பெயர் வெளியில விழுந்துச்சு. விழுற நிமிஷத்துக்காகவே காத்திருக்கிற புரோகிராம்கள் இருக்கு, நொடியில எடுத்துட்டாங்க. அவங்க பக்கெட்ல இன்னும் அந்தப் பழைய முகவரிதான் அச்சாகி இருக்கு. இந்த மாதிரிப் போன பெயர்களைத்தான் நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ராகலை_டீச்சர்

பறிபோன பெயரை முறைப்பாடு செய்து மீட்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 1999இல் வந்த யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் நமக்கு வர்த்தகச் சின்ன உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு பதிந்தார் என்றும் நிறுவ வேண்டும். ஐ.நா.வின் அறிவுச்சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் விசாரிக்கவே கட்டணம் 1,500 டொலர். இன்னும் பதிவு செய்யாத வீட்டுப் பெயருக்கு இது சரிவராது.

இலங்கைக்குரிய டொட் எல்கேயையும் பாருங்கள் மகள். இங்கேயே ரூபாயில் கட்டலாம். 2010இல் இருந்து தமிழிலேயே முடியும் .இலங்கை முகவரியும் உண்டு. பாட்டியின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம்.

பனிமூட்டம்_அப்புத்தளை

டீச்சர், தமிழ்லயே வைக்கலாம்கிறது இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தமிழ்ல அடிக்கத் தெரியாதுதான், இருந்தாலும் பாட்டிக்காக அதையும் எடுக்கிறேன்.

பண்டாரவளை அண்ணா, சொந்தக்காரங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க, அதுல நான் மாற மாட்டேன். தேடின அஞ்சு தளத்துல ஒன்றுதான்னு இப்பவும் நம்புறேன். ஆனா கணக்கு விஷயத்துல நீங்க சொன்னது சரி. தம்பிகிட்டச் சொல்லி அம்மாவோட ஈமெயில்லதான் கணக்குத் திறக்கச் சொல்லியிருக்கேன். புதுப் பேர் முடிவாயிருச்சு. எங்கேயும் தட்டிப் பார்க்கல, குழுவிலயும் போடல. 25ஆம் திகதி தம்பிக்குச் சம்பளம். அன்னைக்கு அவன் கார்ட்டைக் கையில வச்சுக்கிட்டுத் தேடி, அதே இருப்பில காசைக் கட்டிடுவான். போர்ட் கடைக்கு அதுக்கப்புறம்தான் சொல்லுவோம்.