எங்கள் தரவையைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் நடுவே இருக்கும் தரவையில், அதாவது திறந்த புல்வெளியில், வீட்டுத்திட்டம் அமைக்கப் பிரதேச சபை ஆயத்தமாகிறது. சென்ற கிழமை போய்ப் பார்த்தால், பிள்ளைகள் பந்தடிக்கும் இடமெங்கும் சிவப்பு மை பூசிய அளவைக் கட்டைகள். ஒரு கட்டை, விக்கெற் நடும் குழியிலேயே நிற்கிறது. ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காணியற்ற குடும்பங்களுக்கு வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து அலைந்த எங்களுக்குக் கூரையின் அருமை தெரியும். ஆனால் மாரியில் ஊர் வெள்ளமெல்லாம் வடிந்து நிற்பது இந்தத் தரவையில்தான். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தானே எங்கள் கிணற்றுநீர்? அதன்மேல் கொங்கிறீற் போட்டு, மலசலகூடக் குழிகளும் வெட்டினால் சுற்றியுள்ள கிணறுகள் என்ன ஆகும்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்ட வரைபடத்தையும் சபைத் தீர்மானத்தையும் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால் எப்படித் தடுப்பது? காணி வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மேய்ச்சலுக்கென்று விடப்பட்ட நிலம் என்று முதியவர்கள் சொல்கிறார்கள். கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. பழைய நில அளவைப் படத்தை எங்கே, எப்படிப் பெறலாம்? இதே நிலையைச் சந்தித்த ஊரவர்கள் என்ன செய்தீர்கள்? வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, வெள்ளம் நின்ற காலத்துப் படங்கள் உங்கள் பழைய அல்பங்களில் இருந்தால் உடனே அனுப்புங்கள். திகதி தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.