கிரே உல்ஃப் போட்டும் ஷேர் ஆட்டோவை ஆட்டோன்னே சொல்லுது

பெருங்குடி_விஷன்:
சென்னையில ஓஎம்ஆர், கத்திப்பாரா, எண்ணூர் ரோடு கேமரா வீடியோவிலிருந்து வெட்டின படங்களை ஏழு வகையா பிரிக்கணும்: டூ வீலர், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், குட்டி யானை, பஸ், லாரி. மாடல், படத்தை அடையாளம் காணுற எஃபிஷியன்ட்நெட்-பி0, இமேஜ்நெட் படத் தொகுப்புல ஏற்கெனவே பழகின வெயிட்டோட. லேர்னிங் ரேட், டிராப்அவுட், வெயிட் டிகேங்கிற மூணு ட்ரெயினிங் செட்டிங்கையும் கிரே உல்ஃப் (ஓநாய்க் கூட்டம் வேட்டையாடுற மாதிரி நல்ல மதிப்பைத் தேடுற அல்காரிதம்) தேடுது. வேலிடேஷன்ல (சரிபார்க்கத் தனியா வெச்ச படங்கள்ல) 97% சரியா வருது. ஆனா புது நாள் வீடியோவுல ஷேர் ஆட்டோ பாதிக்கு மேல ஆட்டோவா விழுது. ஓநாய் எண்ணிக்கையைக் கூட்டவா, திமிங்கில அல்காரிதத்துக்கு மாறவா?

சிக்னல்_பிக்சல்:
ரெண்டும் வேண்டாம் சார். முதல்ல அந்த 97ஐ சந்தேகப்படுங்க. கத்திப்பாரா நெரிசல்ல ஊர்ந்து போற ஒரே ஆட்டோ நூறு ஃபிரேம்ல வரும். ஃபிரேம்களைக் கலைச்சுப் போட்டுப் பிரிச்சா அதே ஆட்டோ ட்ரெயினிங்லயும் இருக்கும், வேலிடேஷன்லயும் இருக்கும். பின்கண்ணாடி ஸ்டிக்கரை மனப்பாடம் பண்ணாலே போதும், மார்க் விழுந்துடும். அப்புறம் எந்த ஆப்டிமைசர் (செட்டிங் தேடுற அல்காரிதம்) போட்டாலும் நல்லா மனப்பாடம் பண்ற செட்டிங்கைத்தான் தேடித் தரும். கேமரா + தேதி சேர்த்து ஒரு குரூப் ஐடி வெச்சு, சைகிட்-லேர்ன் லைப்ரரியில இருக்கிற, ஒரே குரூப்பை ரெண்டு பக்கமும் விடாத குரூப்கேஃபோல்டால பிரிங்க. ஐப்பசி, கார்த்திகை மழை ராத்திரி வீடியோ ஒண்ணை முழுசா டெஸ்ட்டுக்குத் தனியா வைங்க.

அடுத்து ரீசைஸ். 600×250 படத்தை அப்படியே 224×224ஆ நசுக்கினா பஸ்ஸே வேன் மாதிரி ஆயிடும். ஆட்டோவையும் ஷேர் ஆட்டோவையும் பிரிச்சுக் காட்டுறது பாடியோட நீளம்தான். நசுக்கும்போது போறதும் அதேதான். நீளப் பக்கத்தை 224 ஆக்கி, மிச்சத்தை சாம்பல் நிறத்தால நிரப்புங்க.

டார்ச்விஷன் லைப்ரரியோட ரேண்டம்ரீசைஸ்டுகிராப் (படத்துல ஏதோ ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது) போட்டிருந்தா அதோட டிஃபால்ட் ஸ்கேல் 0.08ல ஆரம்பிக்கும். அதாவது படத்துல 8% மட்டும், ஒரு டயர் அளவு. 0.6க்குக் கீழே விடாதீங்க. அதோட ரேஷியோ (அகல-உயர விகிதம்) டிஃபால்ட்டும் வடிவத்தை இழுக்கும், 1க்கு 1னு கட்டிடுங்க. நிறத்தையும் கொஞ்சம் கலைங்க. இங்க ஆட்டோவும் மஞ்சள், ஸ்கூல் வேனும் மஞ்சள்.

தரமணி_டென்சர்:
ஆப்டிமைசர் பத்தி. கிரே உல்ஃப் 2014ல வந்தது, திமிங்கிலம் 2016. ரெண்டும் ஒரே ஆராய்ச்சியாளர் மிர்ஜலீலியோட பெயர்ல வந்தவை, நகர்வுச் சூத்திரமும் கிட்டத்தட்ட ஒரே வார்ப்புதான். தலைவன் (இதுவரை கிடைச்ச நல்ல விடை) இருக்கிற இடத்தை 0லிருந்து 2 வரை ஏதோ ஒரு எண்ணால பெருக்கித்தான் தூரத்தைக் கணக்கிடும். அதனால எடுத்து வைக்கிற அடி எவ்வளவு பெருசுங்கிறது சுழியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. லேர்னிங் ரேட்டை லாக் அளவுல -5 முதல் -2 வரை கொடுத்திருந்தா, ஓநாய்கள் எல்லையைத் தாண்டித் தாண்டி ரெண்டு ஓரத்துலயும் போய்க் குவியும். ஒவ்வொரு சுற்றோட மதிப்புகளையும் பிளாட் போட்டுப் பாருங்க.

1995ல வந்த பிஎஸ்ஓ (துகள் கூட்டமா தேடுற அல்காரிதம்) இடங்களுக்கு நடுவுல உள்ள வித்தியாசங்களை மட்டும் பயன்படுத்துறதால சுழி எங்க இருந்தாலும் கவலை இல்ல. இனர்ஷியா (பழைய வேகத்துல மிஞ்சுற பங்கு) 0.73, ரெண்டு ஈர்ப்பும் (துகளோட சொந்த சிறந்த இடத்துக்கு ஒண்ணு, கூட்டத்தோட சிறந்த இடத்துக்கு ஒண்ணு) 1.5, வேகத்துக்கு வரம்பு மொத்த எல்லையில 20%. எல்லையில முட்டின துகளுக்கு அந்தத் திசை வேகத்தை 0 ஆக்குங்க. 10 துகள், 12 சுற்று, ஒவ்வொண்ணும் 5 எபாக் (டேட்டா முழுசையும் 5 தடவை பார்க்கிறது): மொத்தம் 120 ட்ரெயினிங். ஃபிட்னஸுக்கு (எந்த செட்டிங் நல்லதுன்னு போடுற மார்க்குக்கு) அக்யூரசி வேண்டாம், மேக்ரோ எஃப்1 (ஒவ்வொரு வகைக்கும் தனியா மார்க் போட்டு எடுக்கிற சராசரி) வைங்க. டூ வீலர் குவிஞ்சு கிடக்கிற டேட்டாவுல ஷேர் ஆட்டோ மொத்தமா தப்பினாலும் அக்யூரசி அசையாது.

முதல் மூணு செட்டிங்கை மட்டும் முழுசா, ஒவ்வொண்ணும் மூணு சீட்ல (ரேண்டம் தொடக்க எண்ல) ஓட்டுங்க. சீட் அதிர்ஷ்டத்தால ஜெயிச்சது அங்க மாட்டிக்கும். அதே 120 ட்ரெயினிங்கை ரேண்டம் சர்ச்சுக்கும் (மதிப்புகளை ரேண்டமா எடுத்துப் பார்க்கிறது) கொடுத்துப் பாருங்க. மூணே மூணு செட்டிங்தான், வித்தியாசம் தெரியலைன்னா அந்த எளிய வழியே போதும்.

ராயபுரம்_லேபிள்:
வடசென்னைப் படத்துல மீன்பாடி வண்டி (மோட்டார் மாட்டின மூணு சக்கரச் சரக்கு வண்டி) வருமே, அதை எதுல போட்டீங்க? ஏழுக்குள்ள திணிச்சா குட்டி யானையும் ஆட்டோவும் சேர்ந்து குழம்பும். "மற்றவை"ன்னு எட்டாவது வகை வைங்க. பின்பக்கம் மட்டும் தெரியுற ஷேர் ஆட்டோவை ரெண்டு பேர் தனித்தனியா லேபிள் பண்ணட்டும். ஒத்துப் போகாததைத் தூக்கிடுங்க.

பெருங்குடி_விஷன்:
நன்றி. மீன்பாடியை ஆட்டோவுலதான் போட்டிருக்கோம், மாத்திடுறேன். தூரத்துல 30 பிக்சலா தெரியுற வண்டிகளை என்ன பண்றது?

சிக்னல்_பிக்சல்:
சின்ன பக்கம் 40 பிக்சலுக்குக் கீழ இருந்தா ட்ரெயினிங்ல சேர்க்காதீங்க. டெஸ்ட்லிருந்து நீக்க வேண்டாம், ஆனா அதுக்கு எஃப்1ஐத் தனி வரிசையா எழுதுங்க. வீடியோதானே, ட்ராக்கிங் போட்டு அதே வண்டி கிட்ட வரும்போது கிடைக்கிற விடையை எடுத்துக்கலாம்.