ஐஃபோன் 11 பேட்டரி: வீட்டிலேயே மாத்தலாமா, கடைக்குத்தான் போகணுமா?

கோவை_கணேஷ்
என்னோடது ஐஃபோன் 11. பேட்டரி ஹெல்த் 74% காட்டுது. காலையில முழு சார்ஜோட கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குள்ள 20%க்கு வந்து நிக்குது. வாரண்டி எப்பவோ முடிஞ்சாச்சு. சர்வீஸ் சென்டர்ல சொன்ன தொகை கொஞ்சம் கசக்குது. ஆன்லைன்ல டூல் கிட்டோட சேர்த்தே பேட்டரி கிடைக்குது, நானே கழட்டி மாத்திடலாம்னு இருக்கேன். லேப்டாப்ல ரேம், எஸ்எஸ்டி எல்லாம் மாத்தின பழக்கம் உண்டு. செஞ்சவங்க சொல்லுங்க. வேணாம்னா ஏன் வேணாம்னும் சொல்லுங்க.

நட்டுபோல்ட்
தாராளமா பண்ணுங்க ப்ரோ. சார்ஜை 25%க்குக் கீழ இறக்கிட்டு ஆஃப் பண்ணுங்க. கீழ சார்ஜிங் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் பென்டலோப் ஸ்க்ரூ (அஞ்சு இதழ் பூ மாதிரி தலை உள்ளது) இருக்கும், அதைக் கழட்டுங்க. ஹேர் டிரையரால ஓரத்தைச் சூடாக்கி, பிளாஸ்டிக் பிக் (கிட்டார் வாசிக்கிற மாதிரி மெல்லிய தகடு) விட்டு டிஸ்பிளேயைப் புத்தகம் மாதிரி இடப்பக்கத்துலேர்ந்து திறங்க. ஃப்ளெக்ஸ் கேபிள் (ரிப்பன் மாதிரி மெல்லிய ஒயர்) எல்லாம் வலப்பக்கம் இருக்கு, அதனால 90 டிகிரிக்கு மேல சாய்க்காம ஏதாவது டப்பால சாய்ச்சு நிறுத்துங்க. வேற எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் பேட்டரி கனெக்டரைப் பிரிச்சிடுங்க. அப்புறம் ஸ்பீக்கர், வைப்ரேஷன் மோட்டார். அதுக்கப்புறம்தான் பேட்டரிக்கு அடியில இருக்கிற பசை ஸ்ட்ரிப்போட நுனி கைக்குச் சிக்கும். ஒரு மதியம் போதும்.

சால்டரிங்சாமி
நட்டுபோல்ட் தம்பி சொன்ன வரிசை சரி. சொல்லாம விட்டதுதான் ஆபத்து. மேல் ஓரத்துல பிக்கை 3 மில்லிமீட்டருக்கு மேல உள்ள விடக் கூடாது. அங்கதான் இயர்பீஸோட ஒட்டின சென்சார் ஃப்ளெக்ஸ் இருக்கு. அது அந்த ஃபோனோட மெயின் போர்டுக்குன்னே ஜோடி சேர்த்தது. கிழிஞ்சா ஃபேஸ் ஐடி போச்சு, வேற ஃபோன்ல இருந்து எடுத்துப் போட்டாலும் வேலை செய்யாது. திருச்சியில கடை வச்சிருக்கேன். உள்பாகத்தைக் கழட்டி கேரி பேக்ல போட்டுக் கொண்டு வர்றவங்க பாதிப் பேருக்கு இதே கதைதான்.

இன்னொன்னு ஸ்க்ரூ. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், நீளத்துல அரை மில்லிமீட்டர் வித்தியாசம். நீளமானதைக் குட்டை ஓட்டையில முறுக்கினா போர்டு உள்ள இருக்கிற லேயரைத் துளைச்சிடும். அப்புறம் ஃபோன் ஆன் ஆகாது, நீங்களும் காரணம் தெரியாம முழிப்பீங்க.

நட்டுபோல்ட்
அதுக்குத்தான் அண்ணே, வெள்ளைத் தாள்ல ஃபோன் படம் வரைஞ்சு, அந்தந்த இடத்துல டபுள் சைடு டேப் ஒட்டி ஸ்க்ரூவை அதுமேலேயே வைக்கிறது. கடையில எத்தனை பேர் இப்படி வைக்கிறீங்க? நான் பார்த்த வரைக்கும் எல்லா ஸ்க்ரூவும் ஒரே மூடிக்குள்ளதான் கிடக்குது. மெட்டல் பிளேடால நெம்பி பேட்டரியை எடுக்கிறதைக் கண்ணால பார்த்திருக்கேன். கடைன்னாலே பாதுகாப்புன்னு நினைக்கிறதுதான் மூடநம்பிக்கை.

மின்கல_மீனா
பேட்டரி டெஸ்டிங்ல வேலை செய்றேன். வீடா கடையாங்கிறதை ஓரமா வைங்க. நெம்புறவர் யாருன்னு பேட்டரி செல்லுக்குத் தெரியாது.

உள்ள ரெண்டு எலக்ட்ரோடையும் பிரிக்கிறது சில பத்து மைக்ரான் கூட இல்லாத பிளாஸ்டிக் படலம். வளைச்சாலோ குத்தினாலோ அது கிழிஞ்சு ஷார்ட் ஆகும், அந்தச் சூட்டுல எலக்ட்ரோலைட் பத்தும். ஐஃபோன் 11 செல் 3110 மில்லியாம்ப் அவர், கிட்டத்தட்ட 12 வாட் அவர். 20% சார்ஜ்ல இருந்தா உள்ள இருக்கிறது இரண்டரை வாட் அவருக்கும் கம்மி. தீப்பிடிக்காதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. பிடிச்சாலும் வீரியம் குறையும், அவ்வளவுதான்.

பசை ஸ்ட்ரிப்பை ஃபோனோட ஒட்டினாப்புல தாழ்வா, அவசரப்படாம இழுக்கணும். மேல தூக்கி இழுத்தா அறுந்துடும். அறுந்த இடத்துலதான் எல்லாரும் நெம்ப ஆரம்பிக்கிறாங்க. நெம்பாதீங்க. 90%க்கு மேல தூய்மையான ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சில சொட்டு பேட்டரி ஓரத்துல விட்டு, கொஞ்ச நேரம் விட்டுட்டு, பல் இடுக்குச் சுத்தம் பண்ற ஃப்ளாஸ் நூலை அடியில விட்டு அறுக்கிற மாதிரி இழுங்க. வளைஞ்ச செல்லைத் திரும்பப் போடவே கூடாது.

வடசென்னை_வாசு
பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி வச்சுக்கங்க கணேஷ்.

சால்டரிங்சாமி
தண்ணியா? மணல் வைங்க. லித்தியத்துல தண்ணி ஊத்தினா வெடிக்கும்.

மின்கல_மீனா
அது லித்தியம் உலோகத்துக்கு, சாமி சார். இதுல உலோகமா லித்தியம் பெரும்பாலும் கிடையாது. விமானத்துல ஃபோன் எரிஞ்சா தண்ணி ஊத்திக் குளிர வைக்கச் சொல்றதுதான் அமெரிக்க விமானத்துறையோட அறிவுரையே. மணல் தீ பரவாம மூடும், சூட்டை இறக்காது. ரெண்டும் இருக்கட்டும். புகையை மட்டும் சுவாசிக்காதீங்க, அதுல ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கு. ஜன்னல் திறந்திருக்கணும்.

நட்டுபோல்ட்
இந்தப் பாடு எல்லாமே கம்பெனிக்காரன் பசை போட்டு ஒட்டினதால. ஐரோப்பாவுல 2027 பிப்ரவரி 18லேர்ந்து பேட்டரியைப் பயனாளரே கழட்டுற மாதிரிதான் செய்யணும்னு சட்டம். 2024ல வந்த ஐஃபோன் 16ல 9 வோல்ட் பேட்டரியை ரெண்டு முனையில தொட்டா பசை தானா விட்டுடும். முடியாதுன்னு சொன்னவங்களே செஞ்சு காட்டிட்டாங்க.

மின்கல_மீனா
சட்டத்துல ஓட்டையும் இருக்கு. 1000 சார்ஜ் சுற்றுக்கு அப்புறமும் பேட்டரி 80% கொள்ளளவு தாங்கி, தண்ணிக்குள்ள மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கிற ஃபோனா இருந்தா, தொழில்முறை மெக்கானிக் மட்டும் மாத்துற மாதிரி செஞ்சாலே போதும். கணேஷ் ஃபோனுக்கு எதுவுமே பொருந்தாது, 2019 மாடல்.

கோவை_கணேஷ்
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வால்யூம் பட்டன் பக்கம் டிஸ்பிளே ஓரம் லேசாத் தூக்கின மாதிரி இருக்கு. நகம் நுழையுற அளவு. அதனால திறக்கிறது சுலபமா இருக்கும்தானே?

மின்கல_மீனா
சார்ஜர்ல இருந்தா உடனே பிடுங்குங்க! பேட்டரி உப்பியிருக்கு. அந்த ஓரத்தை அமுக்கி ஒட்டப் பார்க்காதீங்க. தலையணைக்கு அடியில வைக்காதீங்க.

நட்டுபோல்ட்
அப்படின்னா கதை வேற. நான் மேல சொன்னது எதுவும் உப்பின பேட்டரிக்குப் பொருந்தாது. ஹேர் டிரையர் வச்சிடாதீங்க ப்ரோ. முதல்முறை கழட்டுறவர் கை வைக்கிற வேலை இல்ல இது.

சால்டரிங்சாமி
இதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன். கடைக்குக் கொண்டு போங்க. பழைய பேட்டரியோட பீஎம்எஸ் போர்டை (செல்லைக் கட்டுப்படுத்துற குட்டி சர்க்யூட்) எடுத்துப் புது செல்லுல ஸ்பாட் வெல்டிங் வச்சுத் தந்துடுவாங்க. ஃபோன் திரையில "தெரியாத பாகம்"னு மெசேஜ் வராது, ஹெல்த் 100% காட்டும்.

மின்கல_மீனா
சாமி சார், இங்கதான் உங்களோட ஒத்துப்போக முடியல. உப்பின பேட்டரியோட போர்டை ஏன் புது செல்லுக்கு மாத்தணும்? அந்த போர்டுதான் அதிக சார்ஜ் ஏறாம காவல் காக்கிறது. அது சரியா வேலை செஞ்சதாங்கிறதே சந்தேகம். வெல்டிங் சூடு செல்லோட முனைக்குப் போகும், இடுக்கி நழுவினா ஷார்ட். 100%ங்கிறது புரோகிராமர் கருவியை வச்சு நாம எழுதுற எண், அளந்து வந்தது இல்ல.

சால்டரிங்சாமி
மேடம், லேப்ல உக்காந்து சொல்றது ஈஸி. மெசேஜ் வந்தா கஸ்டமர் "டூப்ளிகேட் போட்டுட்டியா"ன்னு கடை வாசல்ல நின்னு சண்டை போடுறார். நல்ல செல்லைப் போட்டாலும் டூப்ளிகேட்னு திரையில எழுதி வைக்கிறது யாரு? எங்களையா திட்டணும்? வெல்டிங் பழகின கைக்கு அது நொடி வேலை, செல்லு சூடே ஆகாது.

நட்டுபோல்ட்
மெசேஜ் விஷயத்துல சாமி அண்ணன் பக்கம்தான் நான். பாகத்தை மெயின் போர்டோட ஜோடி கட்டுறதை அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் 2024லேயே சட்டம் போட்டுத் தடுத்துச்சு. இங்க 2022ல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு இணையதளம் திறந்தது, அதோட நிக்குது. ஆனா உப்பின செல்லோட போர்டை எடுத்து வெல்டிங் வைக்கிறதுக்கு அது சாக்கு இல்ல அண்ணே.

சால்டரிங்சாமி
சரி, உப்பினதுக்கு வேணாம்னே வச்சுக்கலாம். மத்ததுக்கு நான் மாத்திக்கிறதா இல்ல.

கோவை_கணேஷ்
ஃபோனை ஆஃப் பண்ணி மொசைக் தரையில, துணி எதுவும் பக்கத்துல இல்லாம வச்சிருக்கேன். நாளைக்குக் காந்திபுரத்துல ஒரு கடைக்குப் போறேன். போர்டு மாத்த வேணாம், அதோட சொந்த போர்டோட வர்ற முழுப் புது பேட்டரி போடுங்க, மெசேஜ் வந்தா வரட்டும்னு சொல்லிடுறேன். வாட்டர்ப்ரூஃப் பசையும் புதுசா ஒட்டச் சொல்லணும் இல்லையா?

மின்கல_மீனா
கண்டிப்பா. ஆனா ஒட்டினாலும் ஐபி68 (தண்ணி, தூசி புகாத தரம்) திரும்ப வந்துடுச்சுன்னு நம்பி மழையில எடுக்காதீங்க. பழைய பேட்டரியைக் குப்பையில போட விடாதீங்க, குப்பை வண்டியில நசுங்கினா அங்க பத்திக்கும். கடையில எங்க போடுறாங்கன்னு கேளுங்க.

சால்டரிங்சாமி
எங்க கடையில மணல் போட்ட பெயிண்ட் டப்பாவுல போட்டு, இ-வேஸ்ட் எடுக்கிறவர்கிட்ட கொடுக்கிறோம். கடையை ஒரேயடியாத் திட்டாதீங்கப்பா.